தூரிகைப் பக்கம்: மேலே காயாத வாஷ், கீழே நிற்காத வாஷ்

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பியவை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே இருப்பவர் வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்து தாளில் பரப்பும் வண்ணப் பூச்சு, காயவே இல்லை என்று எழுதுகிறார், கீழே இருப்பவர் பரப்பி முடிப்பதற்குள் காய்ந்துவிடுகிறது என்கிறார். வண்ணமும் பிரஷும் இருவருக்கும் ஒன்றுதான். வேலை செய்யும் முறையைத்தான் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

ஏற்காடு ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட்டிலும் உட்கார்ந்து வாட்டர் கலரில் மூட்டம் வரைகிறேன். ஒன்று, மரங்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கின்றன. இல்லாவிட்டால் வாஷின் நடுவில் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழுகிறது. எங்கே தவறுகிறேன்?
— கல்லூரி மாணவர், ஏற்காடு

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பிரஷை வைக்கும் நேரம் தவறுகிறது. வண்ணத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, காகிதத்தின் ஈரத்தைப் பார்க்கப் பழகுங்கள். பலகையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சம் வரும் பக்கம் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் முதல் நிலை. தேக்கம் போய், தாள் முழுக்க ஒரே சீரான மினுமினுப்பு மட்டும் இருந்தால் இரண்டாம் நிலை. மினுமினுப்பும் மங்கிய பிறகு புறங்கையை வைத்தால் இன்னும் சில்லென்று இருக்கும். அது மூன்றாம் நிலை. அந்தச் சில்லிப்பும் போனால்தான் உண்மையில் காய்ந்தது என்று பொருள்.

மூட்டத்துக்குள் கரைந்து நிற்கும் மரங்களை இரண்டாம் நிலையில் வைக்க வேண்டும். மூன்றாம் நிலையில் ஈர பிரஷ் பட்டால் திட்டு நிச்சயம். பிரஷிலிருந்து இறங்கும் தண்ணீர், பாதி காய்ந்த வண்ணத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். அந்த ஓரம்தான் காலிஃபிளவர் வடிவத்தில் தெரிகிறது. முழுக்கக் காய்ந்தபின் வைத்தால் விளிம்பு கூர்மையாகி, உங்கள் மரம் கத்தரித்து ஒட்டியதாகிவிடும்.

அடுத்தடுத்து வைக்கும் ஒவ்வொரு வண்ணத்திலும், காகிதத்தில் இருப்பதைவிடத் தண்ணீர் குறைவாகவும் வண்ணம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். முதல் வாஷ் நீர்மோர்ப் பதம், தூரத்து மரம் கெட்டி மோர்ப் பதம், கிட்டத்து மரம் தயிர்ப் பதம். வண்ணத்தை எடுத்ததும் பிரஷின் அடிவயிற்றை ஒரு பழைய துணியில் ஒற்றிவிட்டுத்தான் தாளில் வைக்க வேண்டும். இந்த ஒற்றலை விட்டுவிடுவதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

செய்முறை இப்படி. 300 ஜிஎஸ்எம் காட்டன் தாளில் கால் ஷீட், அதாவது 11-க்கு 15 அங்குலம், பலகையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு பென்சில் பெட்டி அளவு உயரம் கொடுத்தால் போதும். ஒன்றரை அங்குலத் தட்டை பிரஷால் தாளை நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு மறுபடி நனையுங்கள். ஒரே தடவை நனைத்தால் மேற்பரப்பு மட்டும் நனைந்து சீக்கிரம் வற்றிவிடும். முதலில் யெல்லோ ஓக்கர் தெரிந்தும் தெரியாமலும். அதன்மேல் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த சாம்பல், மேலிருந்து கீழே. சீரான மினுமினுப்பு வரும்வரை காத்திருந்து, அதே சாம்பலைக் கொஞ்சம் கெட்டியாக்கித் தூரத்து சில்வர் ஓக் மரங்களை நேர்க்கோடாக இழுங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் சுத்தமான, பிழிந்த பிரஷால் ஒரு முறை தடவி எடுத்துவிட்டால் அடிமரம் மூட்டத்துக்குள் மறையும். முன்னால் உள்ள ஒரே ஒரு மரத்தை மட்டும் தாள் காய்ந்தபின் போடுங்கள். அந்த ஒரு கூரான விளிம்பு இருந்தால்தான் மற்றவை மங்கலாகத் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘தூரம் என்றால் நீலம்’ என்று படித்திருப்பீர்கள். சேலத்திலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்தால் அது சரி. நடுவில் இருக்கும் காற்றே மலையை நீலமாக்குகிறது. மூட்டத்துக்குள் நிற்கும்போது அப்படி ஆகாது. தூரத்துப் பொருள் மூட்டத்தின் நிறத்தை நோக்கிப் போகும். காலையில் அது லேசான மஞ்சள் கலந்த சாம்பலாகவும் இருக்கலாம். கருமை வெளுக்கும், வெள்ளைச் சுவரும் சற்று மங்கும். அதனால் மூட்டப் படத்துக்கு நீலத்தை அள்ளி ஊற்றாதீர்கள்.

மூட்டம் அடர்ந்த நாளில் அங்கே ஒரு வாஷ் காய அரைமணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். இரண்டு தாளை ஒட்டிக்கொண்டு மாறி மாறி வேலை செய்யுங்கள். காயும் வேகத்தைக் கூட்ட ஊதுவதும் விசிறுவதும் வேண்டாம், தேங்கிய தண்ணீர் ஓடிக் கோடாகிவிடும்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வானத்துக்கு வாஷ் போட்டால் பட்டை பட்டையாகக் காய்கிறது. எவ்வளவு வேகமாகப் போட்டாலும் சீராக வருவதில்லை.
— வாசகி, அஸ்தம்பட்டி

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வெயிலைவிட அதுதான் பெரிய குற்றவாளி. அடுத்து, வண்ணத்தைத் தேவைக்கு இரண்டு மடங்கு கரைத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கரைக்கும் அந்த நேரத்தில்தான் பட்டை விழுகிறது. இரண்டாம் முறை கரைத்தது முதல் முறையோடு ஒத்தும் வராது.

தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு கண்ணாடியின் மேலோ அக்ரிலிக் ஷீட்டின் மேலோ விரித்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து ஈரம் வந்துகொண்டே இருப்பதால் உங்களுக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். பலகையைச் சாய்த்து, ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் ஒரு சொட்டு வரிசை தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொண்டு, அடுத்த இழுப்பில் அதைக் கீழே கொண்டுபோங்கள். அந்தத் தேக்கம் வற்றிவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். திரும்பப் போய்த் தடவினால் கெட்டது.

100 மில்லி தண்ணீருக்கு நான்கைந்து சொட்டு கிளிசரின் விட்டாலும் காய்வது தாமதமாகும். அளவு கூடினால் படம் காயாமல் பிசுபிசுக்கும். ஏற்காட்டுக்காரர்கள் இதைத் தொடவே வேண்டாம். வெளியே வரைவதானால் தாள் நிழலில் இருக்கட்டும். வெயில் நேரே விழும் வெள்ளைத் தாளில் எல்லாமே வெளிறித் தெரிவதால் கை தானாக வண்ணத்தைக் கூட்டிவிடும். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

வாட்டர் கலருக்கு போர் தண்ணீர் பயன்படுத்தலாமா?
— வாசகர், கன்னங்குறிச்சி

உப்பு அதிகமிருந்தால் வேண்டாம். வண்ணத்துகள்கள் திரண்டு வாஷ் மணல்மணலாகும், சில சமயம் காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரோ குடிக்கும் ஆர்ஓ தண்ணீரோ போதும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். 24 வண்ணப் பெட்டி வாங்கச் சொல்லலாமா? காப்பித் தோட்டம் வரையச் சொன்னால் எல்லாப் படமும் ஒரே பச்சையாக வருகிறது.
— ஓவிய ஆசிரியை, அம்மாப்பேட்டை

24 வேண்டாம். ஏழு டியூப் போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரோஸ், அல்ட்ராமரைன், தாலோ நீலம். அதே பணத்தில் தரம் ஒரு படி மேலே போகும். டியூபின் மேல் சிறிய எழுத்தில் நிறமி எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். அல்ட்ராமரைனுக்கு பிபி29, தாலோ நீலத்துக்கு பிபி15, ரோஸுக்கு பிவி19. பிஆர்83 என்று போட்டிருக்கும் அலிஸரின் கிரிம்ஸனைத் தவிர்த்துவிடலாம், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். ஒரு டியூபுக்குள் மூன்று நான்கு நிறமி எண்கள் இருந்தால், அதை இன்னொன்றோடு கலக்கும்போது சேறாகும் வாய்ப்பு அதிகம்.

பச்சை டியூபே இல்லாததைக் கண்டு பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள். அதுதான் நமக்கு வேண்டியது. லெமன் யெல்லோவும் அல்ட்ராமரைனும் கலந்து, பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு வைத்தால் சில்வர் ஓக்கின் சாம்பல் பச்சை. தாலோ நீலத்தில் பர்ன்ட் சியன்னா கலந்தால் மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடியின் இருட்டுப் பச்சை. காப்பி இலையை மட்டும் ஒரு கிளை ஒடித்து வந்து கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும், விளிம்பு அலையலையாக இருக்கும், மேற்புறம் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் தெரிவது வானம். அதனால் இலையின் வெளிச்சப் பகுதி வெளிர்பச்சையாக இருக்காது, நீலம் தோய்ந்த வெள்ளையாக இருக்கும். இதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் வகுப்பே பிறகு பச்சையை வேறு மாதிரி பார்க்கும்.

எங்கள் தொழில் வெள்ளிக் கொலுசு. ஒரு கொலுசை ஆயிலில் வரைந்து கடையில் மாட்ட ஆசை. சாம்பல் கலரும் வெள்ளையும் போட்டுப் பார்த்தேன், சிமென்ட் மாதிரி இருக்கிறது. வெள்ளி நிறம் எப்படிக் கலப்பது?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

வெள்ளி நிறம் என்று கலக்கக் கூடியது எதுவும் இல்லை. மெருகிட்ட வெள்ளி தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். சிவப்புப் பட்டின் மேல் வைத்தால் அதன் கீழ்ப்பகுதி சிவக்கும், ஜன்னல் பக்கம் நீலம் படியும், உங்கள் சட்டை நிறமும் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். மண்பானைக்குப் போடுவதுபோல் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெதுவாக இழைத்துக்கொண்டே போனதால்தான் சிமென்டாகிவிட்டது. உலோகத்தில் மிக வெளிச்சமும் மிக இருட்டும் இடைவெளியே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் கொலுசை வையுங்கள். இரண்டு மூன்று விளக்கு இருந்தால் ஒவ்வொரு சலங்கையிலும் இரண்டு மூன்று மினுக்கு விழுந்து குழப்பும். கேன்வாஸில் முதலில் பர்ன்ட் அம்பரை டர்பென்டைனில் கரைத்து மெல்லியதாகத் தேய்த்துக் காயவிடுங்கள். வெள்ளைத் தளத்தில் வெள்ளியை வரைந்தால் எது எவ்வளவு வெளிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. கோடு போட்டபின் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்து, இருட்டு வடிவங்களை மட்டும் அல்ட்ராமரைன், பர்ன்ட் அம்பர் கலவையில் போடுங்கள். டியூப் கறுப்பு வேண்டாம், செத்துக் கிடக்கும். பிறகு இடைப்பட்ட சாம்பல்கள்: பட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு கலந்தது, ஜன்னல் பக்கம் நீலம் கலந்தது. இடுக்குகளில் கறுத்த வெள்ளி மஞ்சள் பழுப்பாக இருக்கும், அங்கே ஓக்கர் கொஞ்சம்.

ஒரு சலங்கையை எடுத்துக்கொண்டு நன்றாகப் பாருங்கள். மேலே ஜன்னல் சிறு சதுரமாக வளைந்து தெரியும். அதை ஒட்டியே ஓர் இருட்டுப் பட்டை. அடியில், இருட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே, துணியிலிருந்து எதிரொளிக்கும் சிவப்பு. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் சலங்கை உருண்டுவிடும். வரிசையில் இரண்டு மூன்று சலங்கைகளுக்கு மட்டும் இவ்வளவு விவரம் கொடுங்கள். மீதியை ஒரு இருட்டு, ஒரு மினுக்கு என்று விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு வரைந்தால் விலைப்பட்டியல் படம் மாதிரி ஆகிவிடும்.

உச்ச வெளிச்சம் கடைசியில். டைட்டானியம் வெள்ளையைச் சிறிய பிரஷ் நுனியில் கெட்டியாக எடுத்து, ஒரு தடவை வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். வைத்ததை மறுபடி தொட்டால் கீழே உள்ள ஈரச் சாம்பல் கலந்து மினுக்கு அணையும். எண்ணிக்கையும் குறைவாக இருக்கட்டும், எங்கும் மினுக்கினால் தகரமாகத் தெரியும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் நகைக்குப் பொன்தாளே ஒட்டுகிறார்கள். ராஜா ரவி வர்மா (1848–1906) தன் எண்ணெய் ஓவியங்களில் நகைகளை வண்ணத்தாலேயே மின்ன வைத்தார். நல்ல அச்சுப்பிரதி கிடைத்தால் ஒரு நகையை மட்டும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், இருட்டு எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று தெரியும்.

ஆயில் பெயின்டிங் மேலே காய்ந்து தோல் சுருங்கியதுபோல் ஆகிவிட்டது. உள்ளே அழுத்தினால் இன்னும் மெத்தென்று இருக்கிறது. பெயின்ட் கடையில் வாங்கிய லின்சீட் ஆயிலைத்தான் கலந்தேன்.
— வாசகர், சூரமங்கலம்

பெயின்ட் கடையில் கதவு ஜன்னலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் பாயில்டு லின்சீட் ஆயில். சீக்கிரம் உலர வேண்டும் என்று அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து இறுகுகிறது, இழுக்கும்போது சற்று உப்பவும் செய்கிறது. மேல்தோல் முதலில் இறுகி, பரப்பு பெரிதாகி, அடியில் பிடிமானம் இல்லாததால் சுருங்கி மடிகிறது. பூச்சு எவ்வளவு தடிப்போ, எண்ணெய் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சுருக்கம். அந்த எண்ணெய் நாளாக ஆகக் கருமஞ்சளாகவும் மாறும்.

சுருங்கிய இடத்தைப் பேலட் நைஃபால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைவதுதான் வழி. அதன்மேலேயே பூசினால் பிறகு வெடிக்கும். ஓவியப் பொருள் கடையில் ரிஃபைண்டு லின்சீட் ஆயில் என்று கேட்டு 100 மில்லி பாட்டில் வாங்குங்கள், நீண்ட காலம் வரும்.

கலக்கும் முறை: அடிப்பூச்சுக்கு வண்ணமும் டர்பென்டைனும் மட்டும். நடுப்பூச்சுக்கு டியூபில் வருவது அப்படியே. மேல்பூச்சுக்கு வேண்டுமானால் ஒரு பங்கு எண்ணெய், ஒரு பங்கு டர்பென்டைன் கலந்து, பேலட்டில் உள்ள வண்ணத்துக்குச் சில சொட்டுகள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். இதைத் தலைகீழாகச் செய்தால், மேல்பூச்சு இறுகிய பிறகும் அடிப்பூச்சு அசைந்துகொண்டே இருந்து மேலே பாளம் பாளமாகக் கீறல் விழும்.

டர்பென்டைன் நல்லதா என்று பார்க்க, வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். தடமே இல்லாமல் போயிருந்தால் சரி. எண்ணெய் வளையம் தெரிந்தால் பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் சேர்க்காதீர்கள்.

காயும் காலமும் வண்ணத்துக்கு வண்ணம் மாறும். பர்ன்ட் அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் காயும். அடிப்பூச்சுக்கு அதுவே நல்லது. ஐவரி பிளாக்கும் காட்மியம் வகைகளும் ஒரு வாரம் இழுக்கும், அவற்றை அடியில் தடிப்பாகப் போடாதீர்கள். ஏற்காட்டில் குளிர்மாதங்களில் எல்லாமே இன்னும் தாமதமாகும். காயட்டும் என்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருட்டில் வைக்க வேண்டாம். லின்சீட் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில், முகம் வெளியே தெரிய நிற்கட்டும். மெல்லிய பூச்சென்றால் ஆறு மாதம், தடித்த பூச்சென்றால் ஒரு வருடம் கழித்து வார்னிஷ்.

காடா துணியில் ஃபெவிகாலும் சாக்பவுடரும் பூசி வீட்டிலேயே கேன்வாஸ் செய்யலாமா?
— நெசவுக் குடும்பத்து வாசகர், குகை

துணி நல்ல யோசனை, பூச்சு இல்லை. பசையும் சாக்கும் சேர்ந்த பூச்சு விறைப்பானது. கேன்வாஸோ வெப்பத்திலும் ஈரத்திலும் தளர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும். சில வருடத்தில் பூச்சு பொரிந்து வண்ணத்தோடு உதிரும். அதே பூச்சை ஹார்டுபோர்டில் தாராளமாகப் போடலாம், அது துணிபோல் தளர்ந்து இறுகாது. இரண்டு பக்கமும் பூசுங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வில்லாக வளைந்துவிடும்.

துணிக்கு அக்ரிலிக் பிரைமர் வாங்குங்கள். அதை கெஸ்ஸோ என்றும் விற்பார்கள். சுவருக்கு அடிக்கும் பிரைமர் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். இந்தப் பூச்சு வண்ணம் பிடிப்பதற்கு மட்டுமில்லை, எண்ணெய் நேராகப் பருத்தியைத் தொடாமல் காப்பதற்கும்தான். எண்ணெய் குடித்த பருத்தி சில வருடத்தில் அப்பளமாக நொறுங்கும். இழை நெருக்கமான, கனமான காடாவாகத் தேர்ந்தெடுத்து, கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து இஸ்திரி போடுங்கள். சட்டத்தில் முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு ஆணி, பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து அடியுங்கள். மூலையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தொய்வு நிற்கும். முதல் பூச்சுக்குப் பிரைமரில் கால் பங்கு தண்ணீர், அடுத்த இரண்டு பூச்சு கெட்டியாக, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாமா? ஆயிலின் மேல் அக்ரிலிக்?
— வாசகி, ஓமலூர்

முதலாவது செய்யலாம், அக்ரிலிக் மெல்லியதாக இருக்கட்டும். இரண்டாவது கூடாது, உரிந்து வரும்.

சேலத்து மாம்பழத்தை வரைந்தால் நிழல் பக்கம் பச்சையடித்துப் போகிறது. காய் மாதிரி தெரிகிறது.
— வாசகி, தாரமங்கலம்

மஞ்சளில் கறுப்பைக் கலந்திருக்கிறீர்கள். கறுப்பு மஞ்சளோடு சேர்ந்தால் நீலம்போல வேலைசெய்து பச்சையாக்கும். பழுத்த மல்கோவாவின் நிழலுக்கு யெல்லோ ஓக்கர், அதைவிட ஆழத்துக்கு பர்ன்ட் சியன்னா, மிக ஆழமான அடிப்பகுதிக்கு அதோடு அல்ட்ராமரைனும் ரோஸும் கலந்த ஊதா ஒரு துளி. காம்படியில் உண்மையாகவே பச்சை இருக்கும், அங்கே மட்டும் பச்சை வையுங்கள். தோலில் உள்ள வெளிர்ப் புள்ளிகளை எல்லாம் காய்ந்தபின் போடுங்கள். பழத்தின் வளைவில் போகப்போக அவை நெருங்கித் தட்டையாக வேண்டும். சமமாகத் தெளித்தால் பழம் தட்டாகிவிடும்.

வீட்டை விட்டு வெளியே போய் வரைய வசதி இல்லை. சமையலறையில் என்ன இருக்கிறது வரைய?
— இல்லத்தரசி, ஆத்தூர்

எல்லாம் இருக்கிறது. எவர்சில்வர் குடம், பித்தளைச் செம்பு, பாதி உரித்த வெங்காயம், அரிந்த பூசணிக்கீற்று. பொருளைவிட வெளிச்சம் முக்கியம். காலை ஒன்பது மணிக்கு எந்த ஜன்னலிலிருந்து எங்கே வெளிச்சம் விழுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். 2021-ல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களில் கிராமத்து வீட்டுக்குள் ஜன்னலும் கதவும் விடும் வெளிச்சம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். பெரும்பகுதி இருட்டு, அதில் ஒரு கீற்று. தொடக்கத்தில் இரண்டே பொருள் வையுங்கள், ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. ஐந்தாறு பொருளைப் பரப்பினால் எதற்கும் நேரம் போதாது. தினமும் வெளிச்சம் மாறிவிடும் என்பதால், நிழலின் விளிம்பை முதல் பத்து நிமிடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அதை மாற்றாமல் வரையுங்கள்.

இரண்டு வருடம் பீரோவில் வைத்திருந்த விலை உயர்ந்த வாட்டர் கலர் தாளில் வண்ணம் வைத்தால் அங்கங்கே ஊறி இருட்டுப் புள்ளி புள்ளியாக வருகிறது. தாள் வீணா?
— எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

தாளில் தடவியிருக்கும் ஜெலட்டின் பசையைப் பூஞ்சை தின்றிருக்கிறது. பார்வைக்குத் தெரியாது, ஈரம் பட்டால்தான் காட்டிக்கொடுக்கும். மலையில் இது அடிக்கடி நடப்பது. வரைவதற்கு முன் மூலையில் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு மேலேயே சற்று நின்றால் தாள் நலம், உடனே உறிஞ்சி இருண்டால் பசை போய்விட்டது.

அந்தத் தாளைக் கரிக்கோட்டு ஓவியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மறுபடி பசையேற்றியும் பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 முதல் 15 கிராம் ஜெலட்டினை ஊறவைத்து, சூடான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிட்டால் ஜெலட்டின் வலு போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகன்ற பிரஷால் இரண்டு பக்கமும் தடவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். புதுத்தாள் அளவுக்கு வராது, பழகுவதற்குப் போதும்.

இனிமேல் வாங்கியதும் பாலிதீன் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டு கூடவே கூடாது. முடிந்த படத்தை மாட்டும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுன்ட் போர்டு இடைவெளி வேண்டும். தொட்டால் உள்ளே வேர்த்து ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.

எண்ணெய் துடைத்த துணிகளை என்ன செய்வது? பிரஷ் ஒரு மாதத்தில் விறைத்துவிடுகிறது.
— வாசகர், ஜங்ஷன், சேலம்

துணியைப் பற்றி முதலில். லின்சீட் ஆயில் இறுகும்போது சூடு வெளியாகும். எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். நம் ஊர்க் கோடையில் இது இன்னும் ஆபத்து. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக விரித்து வெளியே நிழலில் காயவையுங்கள். இல்லையென்றால் மூடி போட்ட டின்னில் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து அப்புறப்படுத்துங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

பிரஷை முதலில் துணியில் நன்றாகத் துடைத்து, டர்பென்டைனில் அலசி, மறுபடி துடைத்து, பிறகு பார் சோப்பில் உள்ளங்கையில் தேய்த்து நுரை வெள்ளையாகும்வரை கழுவுங்கள். மண்ணெண்ணெயில் கழுவுபவர்களும் சோப்பை விடக்கூடாது, அதன் பிசுக்கு அடுத்த வண்ணத்தில் கலக்கும். மயிர் உலோகப் பட்டைக்குள் நுழையும் இடத்தில்தான் வண்ணம் தங்கி விறைக்கிறது, அங்கே நகத்தால் பிரித்துக் கழுவுங்கள். தலைகீழாக டப்பாவில் ஊறப்போடவும் வேண்டாம், ஈரத்தோடு நுனி மேலே பார்க்க நிறுத்தவும் வேண்டாம். படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி களத்தில் மதியம் மாவு காயப்போட்டிருப்பதை வாட்டர் கலரில் வரைய ஆசை. வெள்ளைமேல் வெள்ளை, எதைப் பிடித்துக்கொள்வது?
— வாசகர், சேலம்

அருமையான பொருள், கடினமானதும்கூட. வெள்ளை வண்ணத்தைத் தொடாதீர்கள், தாள்தான் உங்கள் வெள்ளை. உச்சி வெயிலில் நிழல்கள் குட்டையாகப் பொருளுக்கு அடியிலேயே கிடக்கும், மாவைக் கோதிவிட்ட வரிகளில் நிழலே இல்லாமல் போகும். காலை எட்டு மணிக்கோ மாலை நாலரைக்கோ போங்கள். அப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் நிழல் விழும், அந்த நிழல்களை மட்டும் வரைந்தாலே களம் வந்துவிடும்.

நிழலுக்கு அல்ட்ராமரைனில் ரோஸ் சிறிது, தண்ணீர் நிறைய. வானத்தைப் பார்த்திருக்கும் நிழல் என்பதால் நீலம். களத்துச் சுவரை ஒட்டிய இடத்தில் சுவரின் நிறம் எதிரொளிக்கும், அங்கே அதே வாஷ் ஈரமாக இருக்கும்போதே ஓக்கர் ஒரு துளி விடுங்கள். வேலை செய்பவர்களின் கூந்தல், தலைத்துண்டு, கால் நிழல் இவைதான் படத்தில் மிக இருட்டான இடங்கள். அவை போதுமான அளவு இருண்டால்தான் மாவு கண்ணைக் கூசும் அளவுக்கு வெளுக்கும். வானத்தையும் வெள்ளையாக விட்டுவிடாமல் ஒரு படி இறக்கிப் பூசுங்கள்.

சின்னச் சின்ன வெள்ளைகளைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் என்ற ரப்பர் திரவம் போடலாம். பிரஷை முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் மயிரில் ஒட்டாது. வெயிலில் அந்தத் தாளை வைக்காதீர்கள், வெக்கையில் ரப்பர் தாளோடு இறுகிப் பிடித்து உரிக்கும்போது மேல்தோலையும் கொண்டுவந்துவிடும். போட்ட அன்றே, தாள் முழுக்கக் காய்ந்ததும், விரல் நுனியால் உருட்டி எடுத்துவிடுங்கள்.